பிடி மருந்துக்குப் புழு சாகவில்லை: அளவைக் கூட்டினால் கேட்குமா?

கேள்வி: முட்டைக்கோஸும் பூக்கோஸும் மாற்றி மாற்றி நடுகிறேன். வைரமுதுகுப் பூச்சிக்கு நான்கு வருடமாக பிடி (பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியா) மருந்தில் குர்ஸ்டாகி வகைத் தூள் மட்டும்தான், வாரம் ஒரு தெளிப்பு. முன்பெல்லாம் மூன்றாம் நாள் புழு கருத்துச் சுருங்கிக் கிடக்கும். இரண்டு பருவமாகப் பாதிப் புழு ஒன்றும் நடக்காததுபோல் தின்றுகொண்டிருக்கிறது. உயிர் மருந்துக்கு எதிர்ப்பு வராது என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். ஜீன் மாறிவிட்டது என்கிறார்களே, எந்த ஜீன், என்ன மாற்றம்? அளவை இரட்டிப்பாக்கலாமா? கொஞ்ச காலம் நிறுத்தினால் மருந்து மறுபடி வேலை செய்யுமா?

பதில்: இரட்டிப்பாக்காதீர்கள், பணம்தான் வீண். சிக்கனம் என்று பாதியாகக் குறைக்கவும் வேண்டாம், அது இன்னும் மோசம். நிறுத்தினால் பலன் திரும்பலாம், ஆனால் நீங்கள் நினைக்கும் வேகத்தில் அல்ல. ஏன் என்று புரிய, புழுவின் குடலுக்குள் ஒருமுறை போய்வர வேண்டும்.

அதற்கு முன் ஒன்று. உயிர் மருந்துக்கு எதிர்ப்பு வராது என்பது 1985-லேயே பொய்த்துப்போனது. தானியச் சேமிப்பில் பிடி கலந்தபோது அங்கே இருந்த அந்துப்பூச்சி சில தலைமுறைகளிலேயே தாக்குப்பிடித்தது பதிவாயிற்று. திறந்த வயலில் பிடி தெளிப்புக்கு எதிர்ப்பு பெற்றதாக முதன்முதலில் தெளிவாகக் காட்டப்பட்ட பூச்சி எது தெரியுமா? உங்கள் வைரமுதுகுப் பூச்சியேதான். ஹவாய்த் தீவுகளில் இருந்து 1990-ல் அந்த அறிக்கை வந்தது. சூடான பகுதிகளில் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு தலைமுறை என்று ஓடும் பூச்சி அது. வாரம் ஒரு தெளிப்பு என்றால் ஒரு தலைமுறைகூட உங்கள் வடிகட்டலுக்குத் தப்பவில்லை என்று பொருள்.

பிடி தூளில் இருப்பது பாக்டீரியாவின் வித்துகளும், க்ரை எனப்படும் புரதப் படிகங்களும். படிகம் அப்படியே விஷம் இல்லை. புழு அதைத் தின்ன வேண்டும். நடுக்குடலின் கடுமையான காரத்தன்மையில் படிகம் கரைய வேண்டும். கரைந்த பெரிய புரதத்தைக் குடலின் செரிமான நொதிகள் ஏறக்குறைய பாதியாக நறுக்கிய பிறகுதான் அது செயல்படும் நஞ்சாகிறது. அந்த நஞ்சு குடல் செல்லின் மேலுள்ள சில குறிப்பிட்ட ஏற்பிகளில் பற்றிக்கொள்கிறது. காட்ஹெரின், அமினோபெப்டிடேஸ், அல்கலைன் பாஸ்படேஸ், ஏபிசிசி2 என்பவை முக்கியமானவை. பற்றிய நஞ்சு மூலக்கூறுகள் ஒன்றுகூடி செல் சவ்வில் துளை போடுகின்றன. செல் வீங்கி வெடிக்கிறது. சில மணி நேரத்தில் புழு தின்பதை நிறுத்துகிறது, இரண்டு மூன்று நாளில் சாகிறது.

இத்தனை படிகளில் எந்த ஒன்று தடைபட்டாலும் புழு பிழைத்துக்கொள்ளும். ஆனால் பரவலாக, மிகக் கடுமையான எதிர்ப்பைக் கொடுப்பது கடைசிக்கு முந்தைய படிதான், அதாவது ஏற்பி. பூட்டு மாறிவிட்டால் சாவி எத்தனை இருந்தும் கதவு திறக்காது.

ஹவாயிலிருந்து எடுத்து ஆய்வகத்தில் வளர்த்த வைரமுதுகுப் பூச்சி வம்சத்தில் அந்த மாற்றம் ஏபிசிசி2 மரபணுவில் இருந்தது. அதன் 20-வது எக்ஸானில் (புரதத்துக்கான குறிப்பு எழுதப்பட்ட துண்டில்) 30 டிஎன்ஏ எழுத்துகள் காணாமல் போயிருந்தன. மூன்று எழுத்துக்கு ஓர் அமினோ அமிலம் என்பதால் புரதத்தில் பத்து அமினோ அமிலங்கள் குறைகின்றன. அவ்வளவுதான் வேறுபாடு. புகையிலை மொட்டுப் புழுவில் இதே மரபணுவில் 22 எழுத்துகள் விடுபட்டிருந்தன. 22 மூன்றால் வகுபடாது, ஆகவே அதற்குப் பிறகு வரும் வாசிப்பே குலைந்து புரதம் பாதியில் முடிந்துவிடுகிறது. அதே புழுவில் இன்னொரு வம்சம், காட்ஹெரின் மரபணுவுக்குள் நகரும் டிஎன்ஏ துண்டு ஒன்று வந்து உட்கார்ந்ததால் தப்பியது. பருத்தியின் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவிலும் காட்ஹெரின்தான் குற்றவாளி. அரிசோனாவில் எடுத்த வம்சங்களில் மூன்று விதமான உடைந்த வடிவங்கள் கிடைத்தன. இந்தியாவில் எடுத்தவற்றில் முற்றிலும் வேறான எட்டு வடிவங்கள். ஒரே மரபணுதான், உடைந்த இடம் மட்டும் ஊருக்கு ஊர் வேறு. இதை நினைவில் வையுங்கள், பரிசோதனை பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

வேறு வழிகளும் உண்டு. சேமிப்புத் தானிய அந்துப்பூச்சியின் சில வம்சங்களில் நஞ்சை நறுக்கும் நொதி ஒன்றே இல்லாமல் போயிருந்தது. வைரமுதுகுப் பூச்சியின் சில வம்சங்களில் ஏற்பி மரபணு எதுவும் உடையவே இல்லை. மேலிருந்து கட்டுப்படுத்தும் மேப்4கே4 என்ற மரபணுவின் இயக்கம் கூடி, ஏற்பிகளின் உற்பத்தியைக் குறைத்துவிடுகிறது. இந்த வகையைக் கண்டு நான் அதிகம் கவலைப்படுவேன். காரணம், புழுவின் வளர்ச்சியில் அதற்கு நஷ்டம் எதுவும் தெரியவில்லை.

இப்போது அளவுக் கேள்விக்கு வருகிறேன். ஏற்பி உடைந்த எதிர்ப்பு பெரும்பாலும் ஒடுங்கு பண்பு. தாய் கொடுத்தது, தகப்பன் கொடுத்தது என இரண்டு பிரதியும் உடைந்திருந்தால்தான் புழு முழுதாகத் தப்பும். ஒரு நல்ல பிரதி இருந்தாலே குடல் செல்லில் போதுமான ஏற்பி உருவாகிவிடும், நஞ்சு பற்றிக்கொள்ளும். இரண்டும் உடைந்த வைரமுதுகுப் பூச்சி, க்ரை1ஏ வகை நஞ்சுகளில் ஏதாவது ஒன்றையாவது சாதாரணப் புழுவைப்போல் 500 மடங்குக்கு மேல் தாங்கும். அதனிடம் உங்கள் இரட்டிப்பு அளவு என்ன செய்யும்?

ஆனால் ஒடுங்கு பண்பு என்பது ஜீனில் எழுதி ஒட்டிய நிரந்தர முத்திரை இல்லை. அது அளவைப் பொறுத்தது. முழு அளவில் சாகும் ஒற்றைப் பிரதிப் புழு, அதாவது ஒரு பிரதி மட்டும் உடைந்தது, பாதி அளவில் பிழைக்கலாம். இதன் விளைவைக் கணக்கு போட்டுப் பார்த்தால்தான் வீரியம் தெரியும்.

பத்து லட்சம் புழுக்கள் இருக்கின்றன, உடைந்த பிரதி ஆயிரத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒற்றைப் பிரதிப் புழுக்கள் ஏறத்தாழ 2,000. இரண்டு பிரதியும் உடைந்தது ஒன்றே ஒன்று. முழு அளவில், நன்றாக நனையும்படி தெளிக்கிறீர்கள். மருந்து படாத மூலை முடுக்குகளில் நூற்றுக்கு ஒன்று, அதாவது 10,000 புழு தப்பிக்கிறது. அவற்றில் 20 மட்டும் ஒற்றைப் பிரதி. மருந்தைத் தின்றும் பிழைத்தது அந்த ஒன்று. அடுத்த தலைமுறையில் உடைந்த பிரதியின் பங்கு 0.001-லிருந்து 0.0011 ஆகிறது. அசையவே இல்லை என்று சொல்லலாம். இதையே பாதி அளவில் தெளித்து, ஒற்றைப் பிரதிப் புழுக்களில் பாதி பிழைக்கின்றன என்று வைத்தால், தப்பிய 10,000-உடன் ஏறக்குறைய 990 ஒற்றைப் பிரதிப் புழுக்களும் சேர்கின்றன. பங்கு ஒரே தலைமுறையில் 0.046. நாற்பது மடங்குக்கு மேல்! எண்கள் நான் வைத்துக்கொண்டவை, ஆனால் வயலில் நடப்பதும் இதே திசைதான்.

நீங்கள் வேண்டுமென்று பாதி அளவு போட்டிருக்கத் தேவையில்லை. வெயிலின் புற ஊதாக் கதிர் இலை மேலிருக்கும் பிடியை ஒன்றிரண்டு நாளிலேயே வெகுவாகச் சிதைத்துவிடும். காலை வெயிலில் அடித்த முழு அளவு, மூன்றாம் நாள் முட்டையிலிருந்து வரும் புழுவுக்குக் கால் அளவுதான். கோஸ் இலையின் மெழுகில் ஒட்டாமல் உருண்டு விழுந்த மருந்தும் அப்படியே.

உங்கள் வயல் இப்போது எந்த நிலையில் இருக்கும்? பாதிப் புழு தப்புகிறது என்கிறீர்கள். அந்தப் பாதியும் உண்மையிலேயே இரட்டை உடைப்பு, காரணம் ஒரே மரபணு என்று கொண்டால், 0.5-இன் வர்க்கமூலம் 0.71. அதாவது நூறு பிரதிகளில் 71 உடைந்தவை. சாகிற மீதிப் பாதியில் பெரும்பகுதி ஒற்றைப் பிரதி சுமப்பவை. உடைந்த பிரதி அறவே இல்லாத புழு நூற்றுக்கு எட்டு, ஒன்பதுதான். பாதியாவது சாகிறதே என்று அதையே தொடர்ந்து அடித்தால், அந்த எட்டும் போய்விடும்.

தூளில் ஒரே ஒரு நஞ்சா இருக்கிறது, பல இருக்கின்றனவே என்று நீங்கள் கேட்கலாம். குர்ஸ்டாகியில் க்ரை1ஏஏ, க்ரை1ஏபி, க்ரை1ஏசி, க்ரை2ஏஏ என நான்கு உண்டு. முதல் மூன்றுக்கும் ஏபிசிசி2 பொதுவான ஏற்பி. அது போனால் மூன்றும் பலவீனப்படும். க்ரை2ஏ வேறு ஏற்பியைப் பிடிக்கிறது. பச்சைக் காய்ப்புழுவிலும் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவிலும் அதற்கான எதிர்ப்பு ஏபிசிஏ2 என்ற வேறொரு மரபணுவில் இருந்துதான் வந்தது. ஆனால் வைரமுதுகுப் பூச்சியிடம் க்ரை2ஏ-வின் வீரியம் குறைவு. பட்டியலில் நான்கு, பலனில் ஒன்றுதான்.

நஞ்சுகள் உண்மையிலேயே வேறுவேறு வழியில் இயங்கினால் கதை மாறும் என்பதற்குக் கொசுப்புழு நல்ல சாட்சி. லைசினிபேசில்லஸ் ஸ்பேரிகஸ் என்ற பாக்டீரியாவின் முக்கிய நஞ்சு இரண்டு துண்டுகள் சேர்ந்த ஒன்று; குடலில் அதற்கு ஒரே ஏற்பி. க்யூலெக்ஸ் கொசுவில் அந்த ஏற்பி மரபணுவில் 19 எழுத்துகள் விடுபட்டாலே கடும் எதிர்ப்பு. பல நாடுகளில் கொசுக்கள் அதைத் தாண்டிவிட்டன. ஆனால் 1976-ல் நெகேவ் பாலைவனத்தில் கண்டெடுக்கப்பட்ட இஸ்ரேலென்சிஸ் வகை பிடியை இத்தனை காலம் தெளித்தும் களத்தில் அந்த அளவு எதிர்ப்பு தோன்றவில்லை. அதில் மூன்று க்ரை நஞ்சுகளோடு சைட்1ஏஏ என்று ஒன்று இருக்கிறது. அது புரத ஏற்பியைத் தேடுவதில்லை, செல் சவ்வின் கொழுப்பிலேயே ஒட்டிக்கொள்ளும். போதாததற்கு க்ரை11ஏஏ-க்குத் தானே ஏற்பியாகவும் நிற்கும். புழு எந்த மரபணுவை உடைத்து இதிலிருந்து தப்புவது?

சரி, உங்களுக்கு நடந்தது எதிர்ப்புதானா? அதை உறுதி செய்யாமல் எதையும் மாற்ற வேண்டாம். பிடி தோற்றது என்று வரும் புகார்களில் கணிசமானவை புழுவின் ஜீனைத் தொடாதவை. தூள் சூடான அறையில் கிடந்திருக்கும். கலக்கிய நீரின் கார அமில அளவு (pH) 8-க்கு மேல் இருந்திருக்கும். கலவையை முந்தைய நாளே கலக்கி வைத்திருப்பார்கள். இலையின் அடிப்புறம் நனைந்திருக்காது. புழு நான்காம் நிலைக்கு வளர்ந்திருக்கும். பெரிய புழுவுக்கு அதிக நஞ்சு தேவை. முதல் நிலையிலும் சிக்கல் உண்டு. அது இலைக்குள் சுரங்கமிட்டுத் தின்பதால் மேற்பரப்பில் இருக்கும் மருந்து அதன் வாய்க்குப் போகாது.

பரிசோதனையை நீங்களே செய்யலாம். கடைசித் தெளிப்பு முடிந்து சில நாள் கழித்து, வயலின் பத்துப் பதினைந்து இடங்களிலிருந்து நூறு, நூற்றைம்பது புழுக்களும் கூட்டுப்புழுக்களும் எடுங்கள். ஒரே செடியில் அள்ளினால் எல்லாம் உடன்பிறப்பாகப் போய்விடும். அந்துகளாக மாறியதும் பஞ்சில் நனைத்த பத்து சதவீதத் தேன் கரைசலும், முட்டையிடக் கடுகு நாற்றும் கொடுங்கள். அடுத்த தலைமுறைப் புழு மூன்றாம் நிலைக்கு வரும்போது சோதியுங்கள். வயலில் எடுத்த புழுவையே நேரடியாகச் சோதித்தால் என்ன தவறும் என்றால், அவற்றில் பல ஒட்டுண்ணிக் குளவியின் முட்டையைச் சுமந்திருக்கும். குளவியால் செத்ததை மருந்தின் கணக்கில் எழுதிவிடுவீர்கள்.

மருந்தே படாத செடியின் இலையை ஐந்தாறு சென்டிமீட்டர் வட்டங்களாக வெட்டுங்கள். பரிந்துரை அளவு, அதில் ஐந்தில் ஒன்று, இருபத்தைந்தில் ஒன்று, நூற்றிருபத்தைந்தில் ஒன்று, பிறகு ஐந்து மடங்கு என ஐந்து கரைசல்கள். எல்லாவற்றிலும் ஒரே அளவு ஒட்டும் திரவம். ஆறாவது, வெறும் நீரும் ஒட்டும் திரவமும். இலையைப் பத்து விநாடி முக்கி, நிழலில் முழுதாக உலர்த்தி, ஈரத்தாள் விரித்த டப்பாவில் வைத்து, டப்பாவுக்குப் பத்துப் புழு விடுங்கள். ஒவ்வொரு கரைசலுக்கும் நான்கு டப்பா. 25 டிகிரி வெப்பத்தை ஒட்டிய அறை போதும். 72 மணி நேரம் கழித்து எண்ணுங்கள். ரசாயன மருந்துக்குச் செய்வதுபோல் 24 மணியில் எண்ணினால் பிடி எப்போதும் தோற்றதாகவே தெரியும். மெல்லிய தூரிகையால் தொட்டும் அசையாதது செத்தது.

வெறும் நீரில் இருபது சதவீதத்துக்கு மேல் செத்திருந்தால் சோதனையைக் குப்பையில் போட்டுவிட்டுத் திரும்பச் செய்யுங்கள். ஐந்து சதவீதம் செத்திருந்து, மருந்தில் 62 சதவீதம் என்றால், 62-இலிருந்து 5-ஐக் கழித்து 95-ஆல் வகுத்தால் 60 சதவீதம். அதுதான் மருந்தின் உண்மையான பங்கு. கூடவே, புதிதாக வாங்கிய பொட்டலத்தையும் பரிந்துரை அளவில் வைத்துப் பாருங்கள். புதியது 95 சதவீதத்துக்கு மேல் கொன்று, பழையது சறுக்கினால் பிரச்சினை உங்கள் அலமாரியில். இரண்டும் சறுக்கி, பரிந்துரை அளவில் 60, ஐந்து மடங்கிலும் அதே 60 என்று கோடு தட்டையாக நின்றால் அது எதிர்ப்பு. மீதி நாற்பது இரட்டை உடைப்புப் புழுக்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். அளவு ஏற ஏற இறப்பும் சீராக ஏறினால், எதிர்ப்பு இன்னும் லேசானது, அல்லது வேறு வகை.

மரபணுச் சோதனை செய்து கொடுக்கிறோம் என்று யாராவது சொன்னால், எதைத் தேடுகிறார்கள் என்று கேளுங்கள். ஹவாயின் 30 எழுத்துக் குறையைத் தேடி, இல்லை என்று முடிவு வந்தால், உங்கள் வயலில் எதிர்ப்பு இல்லை என்று ஆகாது. அதே மரபணு வேறு இடத்தில் உடைந்திருக்கலாம். ஆய்வகம் செய்ய வேண்டியது கலப்புச் சோதனை. தப்பிய வம்சத்தைச் சாதாரண வம்சத்தோடு இரு திசையிலும், அதாவது தாய் ஒருமுறை, தகப்பன் ஒருமுறை என்று மாற்றிக் கலக்க வேண்டும். வரும் பிள்ளைகள் முழு அளவில் எல்லாம் செத்தால் ஒடுங்கு பண்பு. அந்தப் பிள்ளை வம்சத்தைத் தப்பிய வம்சத்தோடு திரும்பக் கலந்து, அதில் பாதி பிழைத்தால் ஒரே மரபணு. பாதி இல்லாமல் வேறு விகிதம் வந்தால் பல மரபணுக்கள் கைகோத்திருக்கின்றன.

ஓங்கு பண்பாக வரும் எதிர்ப்பும் உண்டு. வட சீனாவின் பச்சைக் காய்ப்புழுவில் டெட்ராஸ்பானின் என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியது. ஒரு பிரதி இருந்தாலே புழு தாங்கும். அந்தப் பிரதியின் பங்கு 2006-ல் ஆயிரத்தில் ஒன்று, 2016-ல் பத்தில் ஒன்று. பிள்ளைகள் சாகவில்லை என்று கலப்புச் சோதனை காட்டினால், மருந்து அடிக்காமல் விடும் புகலிடச் செடிகளை நம்பி நான் கீழே சொல்வது அவ்வளவாக உதவாது.

எதிர்ப்பு என்று உறுதியானால், குர்ஸ்டாகியை முழுவதுமாக நிறுத்துங்கள். ஐசாவாய் வகை பிடி உங்களுக்கு உதவ நல்ல வாய்ப்பு இருக்கிறது. அதில் க்ரை1சி உண்டு, அது க்ரை1ஏ-வின் ஏற்பியை நம்பி இருப்பதில்லை. ஆனால் அதிலும் க்ரை1ஏ-க்கள் இருப்பதால், அதையே வாரம் தவறாமல் அடித்தால் இன்னொரு நான்கு வருடத்தில் இதே கடிதத்தை எழுதுவீர்கள். நான்கு வாரம் ஒரு மருந்து, அடுத்த நான்கு வாரம் செயல்முறையே வேறான மருந்து என்று சுழற்றுங்கள். வாரா வாரம் மாற்றுவது சுழற்சி ஆகாது. ஒரே தலைமுறைப் புழு இரண்டையும் சந்திக்கும். ஸ்பினோசாட், எமாமெக்டின், க்ளோரன்ட்ரானிலிப்ரோல் ஆகியவை பிடியிலிருந்தும் ஒன்றிலிருந்து ஒன்றும் வேறான செயல்முறைக் குழுக்கள். உங்கள் பயிருக்கு அனுமதி உள்ளதா என்று லேபிளில் பாருங்கள். ஸ்பினோசாடும் பாக்டீரியாவில் இருந்து வருவதுதான், எனவே பாதுகாப்பு என்று நினைத்துவிட வேண்டாம். அதற்கும் இதே பூச்சி, நரம்பு ஏற்பியின் ஆல்பா6 மரபணுவை உடைத்து எதிர்ப்புப் பெற்றிருக்கிறது.

வயலின் ஓரத்தில் கடுகு வரிசைகள் விடுங்கள். அந்து அங்கே முட்டையிட விரும்பும், அதில் மருந்து அடிக்காதீர்கள். அங்கே வளரும் சாதாரணப் பூச்சி, தப்பிய பூச்சியோடு இணைந்தால் பிறப்பது ஒற்றைப் பிரதிப் புழு. முழு அளவில் அது சாகும். அறுவடை முடிந்த அன்றே தண்டுகளை உழுது மூடுங்கள். வருடத்தில் ஒருமுறையாவது ஐந்தாறு வாரம் கோஸ், கடுகு இனம் எதுவும் இல்லாமல் நிலத்தை வேறு பயிருக்குக் கொடுங்கள். அக்கம்பக்கத்து வயல்காரர்களும் சேர்ந்து செய்தால்தான் இதற்குப் பலன்.

நிறுத்தினால் திரும்புமா என்ற கடைசிக் கேள்விக்கு. ஏற்பி உடைந்த வம்சங்கள் சிலவற்றில் மருந்தை நிறுத்தியதும் எதிர்ப்பு தலைமுறைக்குத் தலைமுறை இறங்கியது. உடைந்த ஏற்பி புழுவுக்கும் கொஞ்சம் நஷ்டம்தான். சில வம்சங்களில் இறங்கவே இல்லை. இறங்கினாலும் ஒரு கட்டத்துக்குப் பிறகு மிக மெதுவாகும். பங்கு பத்தில் ஒன்றுக்கு வந்த பிறகு, உடைந்த பிரதிகளில் தொண்ணூறு சதவீதம் ஒற்றைப் பிரதிப் பூச்சிகளுக்குள் ஒளிந்துகொள்கின்றன. அவை நஷ்டப்படுவதில்லை, ஆகவே கழிவதும் இல்லை. நடைமுறையில் அதிகம் கைகொடுப்பது காற்றோடு வெளியிலிருந்து வந்து சேரும் சாதாரண அந்துகள்தான். சுற்றுவட்டாரம் முழுவதும் குர்ஸ்டாகி அடிக்கிறது என்றால் அந்த உதவியும் இல்லை.

எனவே ஒரு முழுப் பருவம் விட்டு, இதே இலைச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். பரிந்துரை அளவில் 95 சதவீதம் திரும்பினாலும், குர்ஸ்டாகிக்குப் பருவத்தில் ஒரே ஒரு நான்கு வாரம் மட்டும் ஒதுக்குங்கள். பெரும்பாலான புழு இரண்டாம் நிலையில் இருக்கும்போது, மாலையில், இலையின் அடிப்புறம் நனையும்படி, ஒட்டும் திரவத்தோடு, முழு அளவில் தெளியுங்கள். வெயில் காலத்தில் அடுத்த தெளிப்பு ஐந்தாம் நாள். அந்த நான்கு வாரம் முடிந்ததும் தப்பிய புழுக்களில் நூறை எடுத்து மறுபடியும் சோதியுங்கள். பரிந்துரை அளவில் இறப்பு 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கியிருந்தால் அடுத்த பருவத்தில் குர்ஸ்டாகியைத் தொட வேண்டாம்.